சனிக்கிழமை வகுப்பால் என்ன பயன்?

(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் ஓவிய, கதை வகுப்பை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் கணக்கு டியூஷன் வைக்கலாமே என்று சென்ற கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கலர் பென்சிலும் சார்ட்டும் வாங்குவது நீங்கள் தந்த சதகா பணத்தில். அது அமானத். "பிள்ளைகள் சந்தோஷமாக வருகிறார்கள்" என்று அன்று நான் சொன்ன பதில் போதாது.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இதே கேள்வியை அளந்து பார்த்திருக்கிறார்கள். போவன், கிசிடா என்ற இரு ஆய்வாளர்கள், 42 பள்ளிகள், 3 முதல் 8ஆம் வகுப்பு வரை 10,548 மாணவர்கள். கலைப் பயிற்சி கேட்ட பள்ளிகளில் சீட்டுப் போட்டுச் சிலவற்றுக்குக் கொடுத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். ஏன் சீட்டு? விரும்பி வருகிற பிள்ளை முன்பே சூட்டிகையாக இருக்கலாம். அது நன்றாகப் படித்தால், ஓவியத்தால்தான் என்று எப்படிச் சொல்வது?

2019இல் முடிவு வெளியானது. எழுத்துத் தேர்வில் முன்னேற்றம். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மாணவர் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. பிறர் துன்பத்துக்கு இரங்கும் குணம் கூடியது. கணக்கிலும் அறிவியலிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்குக் கணக்குதான் சொல்லித்தர வேண்டும், படம் அல்ல.

இந்தப் பருவத்தில் இருக்கும் இடத்தைவிட அதிகப் பெயர்கள் வந்துள்ளன. நாமும் சீட்டுப் போடுவோம். விடுபட்டவர்களுக்கு அடுத்த பருவம் இடம் உண்டு. சீட்டு என்றதும் "சூதாட்டமா?" என்று ஒருவர் கேட்டார். பணயம் வைப்பதுதான் சூது. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது மனைவியரில் யாரை உடன் அழைத்துச் செல்வது என்று சீட்டுப் போட்டதாக புகாரியில் ஹதீஸ் இருக்கிறது.

பருவத் தொடக்கத்திலும் முடிவிலும், இரண்டு குழுப் பிள்ளைகளிடமும் ஒரு படத்தைக் காட்டி ஐந்து வரி எழுதச் சொல்வோம். யார் எந்தக் குழு என்று அறியாத ஆசிரியை திருத்துவார். தாளில் பெயர் இருக்காது. பிள்ளைகளுக்குள் சண்டை சச்சரவு எப்படி என்று வகுப்பாசிரியர்களிடமும் கேட்போம். தாய்மார்களே, இதற்காக வீட்டில் தனியாகப் பயிற்சி கொடுத்துவிடாதீர்கள்! நம் பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். அதனால் ஒரு பருவத்தோடு முடிவு கட்ட மாட்டோம், இரண்டு பருவம் பார்ப்போம்.

வந்த முடிவு எதுவானாலும் இன்ஷா அல்லாஹ் இதே இதழில் அச்சாகும். பயன் தெரியவில்லை என்றால், டியூஷன் யோசனையை நானே முன்வைப்பேன். வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு எல்லார் முன்னிலையிலும் சீட்டு எடுக்கப்படும்.