பந்தயம் இல்லாத பகடை

(பர்யூஷணப் பெருவிழாவையொட்டிக் கவரைப்பேட்டையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சமண இல்லறத்தார் விலக்க வேண்டிய வியசனங்கள் ஏழு. அவ்வரிசையில் முதலிடம் சூதுக்கு. ஊனும் கள்ளும் களவும்கூட அதற்குப் பின்னரே வருகின்றன. திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் முழுமையும் சூதைக் கடிவதற்கென்றே அமைந்தது. அவ்வாறிருக்க, அதே சமண மரபு, பர்யூஷண நாள்களில் சோழி உருட்டி ஆடுவதற்கென ஓர் ஆட்டப் பலகையைத் தீட்டி வைத்தது என்றால், கேட்போர்க்கு வியப்புத் தோன்றுவது இயல்பே.

அப்பலகைக்கு ஞான சௌபட் என்றும் ஞானபாஜி என்றும் பெயர். குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் துணியிலும் தாளிலும் வண்ணம் தீட்டிச் செய்யப்பெற்ற பழைய பலகைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் காணக் கிடைக்கின்றன. சமணப் பலகைகளில் பெரும்பாலும் 84 கட்டங்கள். உயிர் பிறந்து உழலும் யோனிகள் 84 இலட்சம் என்னும் கணக்கை அவ்வெண் நினைவூட்டுகிறது. கட்டந்தோறும் ஒரு வினை, ஒரு குணம் அல்லது ஒரு கதியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். நற்குணத்தில் ஏணி, தீவினையில் பாம்பு. உச்சியில் சித்தசிலை.

சமண நூல்கள் உயிரின் ஏற்றத்தைப் பதினான்கு குணஸ்தானங்களாக வகுத்துள்ளன. அவற்றுள் பதினோராம் படி நுட்பமானது. அங்கே மோகம் அடங்கியிருக்கும், அழிந்திராது. அடங்கியது மீண்டும் கிளர்ந்தெழும். ஆகவே அப்படியை அடைந்தவர் கீழே இறங்கியே தீர்வர். மோகத்தை அறுத்தவரோ பத்தாம் படியிலிருந்து நேரே பன்னிரண்டாம் படிக்குச் செல்வர். உச்சிக்கு அருகில் வந்த காய் பாம்பின் வாயில் அகப்பட்டு அடிவரிசைக்குச் சரிவதைக் கண்ட சிறுவனுக்கு இக்கருத்தை விளக்க வேறு உவமை தேட வேண்டுவதில்லை.

தமிழகத்தின் பரமபத சோபான படமும் இதற்கு உறவுடையதே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் அதை விரித்து ஆடுவர். அங்கே உச்சியில் இருப்பது வைகுண்டம். கீழ்வரிசைகளில் விலங்குப் பிறவிகள். சமயம் மாறினும் ஆட்டம் மாறவில்லை. 1890-களில் இங்கிலாந்து வணிகர் இதைத் தம் நாட்டுக் கடைகளில் விற்கத் தொடங்கினர். கடல் கடந்து சென்ற பலகை நாளடைவில் கட்டங்களின் பெயர்களை இழந்து, எண்களை மட்டும் தாங்கித் திரும்பி வந்தது. இன்று ‘பாம்பும் ஏணியும்’ என்று கடைகளில் கிடைப்பது அந்த எண் பலகைதான். ஏன் ஏறினோம், ஏன் விழுந்தோம் என்பது அதில் இல்லை.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டார வீடுகளிலும், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, ஒரு தலைமுறைக்கு முன்புவரை மாலை வேளையில் தரையில் ஏதேனும் ஒரு கட்டம் வரையப்பட்டிருக்கும். தாயத்துக்குச் சுண்ணாம்புக் கட்டி போதும். பித்தளைத் தாயக்கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒருபுறம் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டினர். தாயக்கட்டை இரண்டிலும் முறையே வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள், கூட்டுவகை பதினாறு. அவற்றுள் தாயம் விழுவது இரண்டில் மட்டுமே. தாயம் விழாமல் காய் உள்ளே புக இயலாது. எட்டு முறைக்கு ஒருமுறை வாய்க்கக்கூடிய ஒன்றுக்காக ஒரு குழந்தை அழாமல் காத்திருக்கப் பழகியது. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் மடக்கும். அதற்குரிய கோடுகளைக் கோயில் மண்டபத் தரைகளில் பல ஊர்களில் இன்றும் காணலாம்.

எனினும், பல்லாங்குழியின் ஒரு விதி தனியே எண்ணத் தக்கது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்தோ ஆறோ காய். தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் தம்மிடம் எஞ்சிய காய்களைக் கொண்டு இயன்ற குழிகளை மட்டும் நிரப்புவார். ஒரு குழிக்கு வேண்டிய ஐந்து காய்கூட இல்லாத நிலை வந்தால், குழிக்கு ஒன்றாக இட்டு ஆட்டத்தைத் தொடர விடுவது வழக்கம். அதற்குக் ‘கஞ்சி காய்ச்சுதல்’ என்று பெயர். அந்த ஒற்றைக் காய்களைக் கொண்டே சிலர் மீண்டும் வென்றதும் உண்டு. வறியவரைப் பலகையை விட்டு எழுப்பாத விதி அது. வகுத்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. பெரும்பாலும் பாட்டிமார்களாகவே இருத்தல் வேண்டும்.

கைப்பேசியில் ஆடப்பட்ட பணப் பந்தய ரம்மியோ இதற்கு நேர்மாறாக அமைந்தது. தோற்றவருக்கு அங்கே கஞ்சி இல்லை; கடன் மட்டுமே உண்டு. எதிரில் அமர்ந்திருப்பவர் முகம் தெரியாது. ‘போதும், எழுந்திரு’ என்று சொல்ல வீட்டில் எவருக்கும் வாய்ப்பில்லை. தமிழகத்தில் உயிரிழப்புகள் நேர்ந்த பின்னரே, 2022-இல் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் வந்த விதிகள், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்துக்குத் தடை விதித்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அவற்றைச் செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் இணையப் பண ஆட்டங்களையே தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

சட்டம் கைப்பேசியின் ஒரு கதவை அடைக்கலாம்; மாலைப் பொழுதை நிரப்ப அதனால் இயலாது. சிப்காட் ஆலைகளில் முறைப்பணி செய்வோரும், மின்சார ரயிலில் சென்னைக்குச் சென்று கடை பார்த்துத் திரும்புவோரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது அரிது. அந்த அரிய நேரத்திலும் நால்வர் நான்கு திரைகளைப் பார்த்திருப்பதே இன்றைய வழக்கமாகிவிட்டது. சூதைக் கடிந்த முன்னோர் பகடையைக் கடியவில்லை, பந்தயத்தையே கடிந்தனர். ஞானபாஜிப் பலகையில் பணம் வைக்க இடமில்லை.

பலகை செய்வதும் அரிதன்று. ஓர் அட்டையில் வரிசைக்குப் பன்னிரண்டாக ஏழு வரிசை வரைந்தால் 84 கட்டம். ஏணிகளுக்குப் பெயரிடும் பொறுப்பை வீட்டுப் பெரியவர்களும், பாம்புகளுக்குப் பெயரிடும் பொறுப்பைப் பிள்ளைகளும் ஏற்கலாம். பிள்ளைகள் முதல் பாம்புக்குக் கைப்பேசி என்று பெயர் எழுதினால் தடுக்க வேண்டா; தந்தையின் காயும் அங்கே ஒருநாள் விழக்கூடும். கதிரவன் மறையுமுன் உணவு முடிந்துவிடும் பர்யூஷண நாள்களில், பிரதிக்ரமணத்துக்குப் பின் உறக்கத்துக்கு முன் ஒரு நாழிகையேனும் எஞ்சும். பலகையை விரிக்க அப்பொழுது போதும்.