ஈகைக்கு முன் ஒப்புரவு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'அயல்மண்ணில் தொண்டு' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நேபாள நாட்டு உழவர்களிடையே நான் தங்கியிருந்த மூன்று வாரங்களைப் பற்றி இந்த அவையில் இதுவரை நான் வாய் திறந்ததில்லை. தொண்டு செய்யப் போனவள் கடன்காரியாகத் திரும்பிய கதை அது. அதனாலேயே தயங்கினேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், நண்பகலுக்குச் சற்று முன்பாக, கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக் பகுதியை மையமாகக் கொண்டு 7.8 அளவில் நிலம் நடுங்கியது. மே 12-ஆம் நாள் மீண்டும் 7.3 அளவில் ஓர் அதிர்வு. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். முதல் நடுக்கம் நேர்ந்தது சனிக்கிழமையில். அந்நாட்டில் அது பள்ளி விடுமுறை நாள். அதனால் பிள்ளைகள் வகுப்பறைகளில் இல்லை. உழவர் பலரும் வயல்வெளியில் இருந்தனர். ஆயினும் கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. மலையுழவனுக்கு வீடுதான் களஞ்சியமும். அடுத்த நடவுக்கென்று எடுத்துவைத்த விதைநெல் அந்த இடிபாட்டுக்குள்தான் கிடந்தது.

தொண்டர் குழு ஒன்றுடன் ஜூன் இரண்டாம் வாரத்தில் நானும் புறப்பட்டேன். கோரக்பூர் வரை இரயில்; சுனௌலியில் எல்லை கடந்து, முக்ளிங் வழியாகக் கோர்க்கா வரை பேருந்து; பிறகு நடை. நாங்கள் கொண்டுசென்றவை கம்பளிகள், சேலைகள், பிள்ளைகளுக்குக் குறிப்பேடுகள். ஊரின் நடுவே எங்கள் குழுவின் பெயர் பொறித்த துணிப்பதாகையைக் கட்டி, பெண்களை வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு கம்பளியைக் கொடுத்து நிழற்படம் எடுத்துக்கொண்டோம். அவர்கள் மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: "மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?"

எங்களுக்காகத் தமிழில் மொழிபெயர்த்தவர் அவ்வூர் இளைஞர் ஒருவர். மலேசியாவில் வேலை பார்த்தபோது உடனுழைத்த தமிழர்களிடம் நம் மொழியைச் சிறிது கற்றவர். நிலநடுக்கச் செய்தி கேட்டு ஊர் திரும்பியவர். அவர் விளக்கினார். மலைச்சரிவு பெயர்ந்து, வயலுக்கு நீர் கொணரும் வாய்க்கால் பாறைகளால் தூர்ந்துபோயிருந்தது. இடிபாட்டைக் கிளறி விதைநெல்லை மீட்டவர்கள் மீட்காதவர்களோடு பகிர்ந்துகொண்டு, நாற்றங்காலும் விட்டுவிட்டார்கள். நாற்று வளர்ந்துகொண்டிருந்தது, வாய்க்காலில் நீரோட்டம் இல்லை. ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் கூலிகளாக இருந்தனர். ஊருக்குத் தேவைப்பட்டவை கைகள். அதுவும் நடவுக்கு முன்பாக.

நம் நன்செய்யை அவர்கள் 'கேத்' என்றும், புன்செய்யைப் 'பாரி' என்றும் சொல்கிறார்கள். பாரியில் சோளமும் கேழ்வரகும் விளையும். கேழ்வரகு மாவில் அவர்கள் கிளறும் 'டிண்டோ' நம் களியேதான். தாயை 'ஆமா' என்று அழைக்கிறார்கள். எங்களுக்குச் சோறிட்ட முதியவளை நான் 'ஆமா' என்று கூப்பிடும்போதெல்லாம், எதற்கோ உடன்பட்டுத் தலையசைப்பது போலவே எனக்குத் தோன்றும்.

ஆறு நாட்கள் வாய்க்காலில் கல் சுமந்தோம். மூங்கிற் கூடையில் கல்லை நிரப்பி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமக்கும் அவர்கள் முறையை ஆமா எனக்குக் கற்றுத் தந்தாள். ஏழாம் நாள் நீர் வந்தது.

ஆஷாட மாதம் 15-ஆம் நாளை நேபாளத்தார் நடவுத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். தயிரும் அவலும் உண்டு வயலில் இறங்குவார்கள். அவ்வாண்டு அது ஜூன் 30-இல் வந்தது. அதற்கு முந்திய இரண்டு நாட்களும் நடவில் சேர்ந்துகொண்ட நான், அன்றும் இறங்கினேன். ஆண்கள் ஏரோட்டி வரப்புக் கட்ட, பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடினார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் மகனை இழந்தவளும் அவ்வரிசையில் நின்று பாடினாள்.

பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் ஊர் நடவுப் பாட்டைப் பாடு, பஹினி" என்றார்கள். 'பஹினி' என்றால் தங்கை.

அவையோரே, காவிரிப் படுகையின் நடவுப் பாடல்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் நான். 312 பாடல்களைத் தொகுத்து, வகைப்படுத்தி, யாப்பமைதி கண்டு எழுதியவள். ஆனால் நாற்றுமுடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாடலைக்கூட என்னால் முழுமையாகப் பாட முடியவில்லை. பாடினால் கை நின்றது. நட்டால் பாட்டு நின்றது. பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எதுவோ குத்தியது.

அன்று மாலை ஆமா என்னை அழைத்து விரல்விட்டு எண்ணினாள். வாய்க்காலில் ஆறு நாள், நடவில் மூன்று நாள். "ஒன்பது நாள் பர்மா இருக்கிறது. உங்கள் ஊரில் நடவு எப்போது? எங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வரவேண்டும்?" என்று கேட்டாள்.

'பர்மா' என்பது இங்கே நாட்டின் பெயரன்று. இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று கூலியின்றி உழைப்பை மாற்றிக்கொள்ளும் முறைக்கு அம்மலையுழவர் இட்ட பெயர். நம் வீட்டு மொய்க்கணக்கு போன்றது. ஏட்டில் எழுதாமல் நெஞ்சில் எழுதிக்கொள்கிறார்கள். நாங்கள் ஈந்ததாக எண்ணியிருந்ததை அவள் கைம்மாற்றாகக் குறித்துவைத்திருந்தாள். அவள் வராமல் இருக்கலாம். நாடுகளின் தொலைவு அவளுக்கும் தெரியும். ஆனால் கடன்பட்டவளாக நிற்பது அவள் உரிமை. அதை விட்டுக்கொடுக்க அவள் ஒப்பவில்லை.

நான் என்ன விடை சொல்வேன்? எங்களுக்கு இருந்த ஒன்றேகால் ஏக்கர் நன்செய்யை என் படிப்புக்காக அப்பா விற்றுவிட்டார். "வயல் இல்லை, ஆமா" என்றேன். அவள் என் கையை எடுத்து நெடுநேரம் வைத்திருந்தாள். எனக்காக இரங்கினாள்.

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். இவ்வரிசையை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஈகைக்கு முன்னே ஒப்புரவு நிற்பதன் பொருளை ஓர் எழுத்தறியாத மூதாட்டிதான் எனக்கு விளங்கவைத்தாள்.

ஊர் திரும்பியதும் அலமாரியைத் திறந்தேன். ஆய்வுக்காக நான் பதிவு செய்த 14 ஒலிநாடாக்கள் அங்கே கிடந்தன. பாடிய பெண்கள் 11 பேர். வேலை நேரத்தில் வரப்பில் உட்காரவைத்து அவர்கள் குரலை வாங்கியவள் நான். ஆய்வேட்டின் நன்றியுரையில் 'தகவலாளிகள்' என்று ஒரே சொல்லில் அவர்களை முடித்துவிட்டு, பின்னர் ஒருமுறைகூட அவ்வூருக்குப் போகவில்லை. ஒலிநாடாக்களைக் குறுந்தகடுகளாக மாற்றி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் போனேன். நான்கு பேர் இறந்துவிட்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவரின் மகள், தாயின் குரலைக் கேட்டு அழுது முடித்த பிறகு என்னைக் கேட்டார்: "எங்கம்மா குரலை இத்தனை வருசமா எங்க வச்சிருந்தீங்க டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

கவிஞர்களே, இவ்வட்டத்தில் உழவரைப் பற்றி, உழைக்கும் பெண்களைப் பற்றி, பத்து ஆண்டுகளில் எத்தனையோ நல்ல கவிதைகள் அரங்கேறியிருக்கின்றன. அவற்றுக்குரிய மனிதர்களின் வாசலுக்கு அவை போய்ச் சேர்ந்தனவா? ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் கூட்டத்தை அவர்களுடைய ஊரில், அவர்கள் முன்னிலையில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் பணிவான வேண்டுகோள். யாரிடமிருந்து சொல்லை வாங்கினோமோ, அவர்களிடம் முதலில் படித்துக்காட்டுவோம். அவர்கள் சிரித்தால் அதையும் வாங்கிக்கொள்வோம்.

கோர்க்கா மலைச்சரிவில் என் பெயரில் ஒன்பது நாள் இன்னும் கணக்கில் நிற்கிறது. என் கணக்கில் நிற்பது அதனினும் பெரிது.