பிழைப்பும் உயிரும்

1948-ல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தில் பேச்சுரிமையும் உணவும் கல்வியும் ஒன்றாகவே இருந்தன. 1966-ல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கு ஓர் உடன்படிக்கை, பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு இன்னொன்று என்று பிரித்தார்கள்.

அந்தப் பிரிவினை எவ்வளவு மெல்லியது என்று காட்டியவர்கள் பம்பாய் நடைபாதைவாசிகள். 1981-ல் அவர்களை அப்புறப்படுத்த அரசு முனைந்தபோது உச்ச நீதிமன்றம் போனார்கள். வேலைக்குப் பக்கத்தில் தலைசாய்க்க இடமில்லாவிட்டால் பிழைப்பு போகும். பிழைப்பு போனால் உயிர் எப்படித் தரிக்கும் என்று கேட்டார்கள். அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புரிமையும் அடங்கும் என்று 1985-ல் நீதிமன்றம் ஏற்றது.

ஆனாலும் மழைக்காலம் கழிந்தபின் அவர்களை அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அது என்னை இன்றும் உறுத்துகிறது.