ஜெட்டிக்குப் போட்ட கணக்கு காற்றாலைக்குச் செல்லுமா?

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததுமே நான் எங்கே வந்து நிற்பேன் என்று துறை நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். கடல் காற்றாலையின் கால், ஜெட்டியின் பைல்தான், அளவு மட்டுமே பெரிது என்பது அவர்கள் கட்சி. இல்லை என்பது என் கட்சி. குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட்டுக்கு 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை நிதியுதவி ஒப்புதல் தந்தபின் இந்த வழக்கைத் தள்ளிப்போட முடியாது.

எண்ணூரையே எடுத்துக்கொள்வோம். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க 2001-இல் திறந்த துறைமுகம். பைல்மேல் நிற்கும் ஜெட்டி எதுவானாலும் கதை ஒன்றுதான்: கப்பல் அணையும்போது ஃபெண்டரில் விழும் விசையை மேல்தளம் பல பைல்களுக்குப் பங்கிட்டுவிடும். பைல் மேற்பகுதியில் வளையும். அடி நுனி அசையாது. அதனால்தான் ஐ.எஸ். 2911 காட்டும் எளிய வழி செல்லுபடியாகிறது: மண்ணுக்குள் ஓர் ஆழத்தில் பைல் இறுகப் பிடிபட்டதாக வைத்து, மேலே உள்ளதைக் கேண்டிலீவராகக் கணக்கிடலாம். நுணுக்கம் வேண்டுவோர் மண்ணைத் தனித்தனி ஸ்பிரிங்குகளாக்கும் பி-ஒய் வளைவைப் போடுவார்கள். அந்த வளைவு பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டாமா? மணலுக்கானது, டெக்சாஸின் மஸ்டாங் தீவில் 61 செ.மீ. விட்டமுள்ள பைல்களைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்து எழுதியது. ரீஸ் குழுவினர் 1974-இல் வெளியிட்டார்கள். மண்ணுக்குள் நீளம் சுமார் 21 மீட்டர், அதாவது விட்டத்தைப்போல் 34 மடங்கு. ஜெட்டிக்கு அது நெருங்கிய சொந்தம். காற்றாலையைத் தாங்கும் மோனோபைலோ ஒற்றைக் கால். விட்டம் 8 மீட்டர், மண்ணுக்குள் 30 மீட்டர் என்றால் நான்கு மடங்குகூட இல்லை. அது வளைவதைவிட, அறைந்த முளைக்குச்சியைப்போல் முழுசாகச் சாய்வதே அதிகம். சாயும்போது அடிப்பாகம் எதிர்ப்பக்கம் நகரும்; அடிவட்டம் நகர்வையும் சாய்வையும் தடுக்கும்; அகன்ற பக்கச்சுவரில் மேலும் கீழுமாக எழும் உராய்வு தனியே ஒரு திருப்புவிசை தரும். பழைய ஸ்பிரிங்கில் இந்த அடித்தடுப்புக்கும் உராய்வுக்கும் இடமே இல்லை.

“விட்டுவிட்டால் என்ன, தப்பு பாதுகாப்பான பக்கம்தானே?” இதுதான் நண்பர்களின் வலுவான வாதம். ஜெட்டியில் சரி. காற்றாலையிலோ, சுழலி நிமிடத்துக்கு 6 முதல் 12 சுற்று என்றால் அதன் அதிர்வு 0.1 முதல் 0.2 ஹெர்ட்ஸ், மூன்று இறக்கைகள் கோபுரத்தைக் கடப்பதால் எழுவது 0.3 முதல் 0.6. கோபுரத்தின் இயல்பு அதிர்வெண் 0.2-க்கும் 0.3-க்கும் நடுவிலுள்ள சந்தில் நிற்க வேண்டும். மண்ணைத் தளர்வாக நினைத்து 0.27 என்று எழுதினால், கடலில் அது 0.3-ஐ உரசலாம், வெல்டில் விரிசலுக்கு வழி அதுதான். இங்கிலாந்தின் வால்னி கடல் காற்றாலைப் பண்ணையில் அளந்த அதிர்வெண் கணித்ததைவிட உயர்ந்தே இருந்தது. மோனோபைலுக்கென்றே நடந்த பிசா ஆய்வு கௌடன் களிமண்ணிலும் டன்கர்க் மணலிலும் 2 மீட்டர் விட்டம் வரை சோதித்து, விடுபட்ட கூறுகளைப் பிரித்து எழுதியும் காட்டிவிட்டது.

தமிழ்நாட்டுக் காற்றாலைகள் எழவிருக்கும் மன்னார் வளைகுடாவின் பவளமும் சுண்ணாம்பும் கலந்த அடிமண்ணுக்கு பிசாவும் அந்நியம்தானே என்பார்கள். உண்மை. ஆஸ்திரேலியாவின் நார்த் ராங்கின் கடல் எரிவாயுத் தளத்தில் சுண்ணாம்பு மணலில் அறைந்த பைல்களுக்குக் கிடைத்த உராய்வு, எதிர்பார்த்ததில் சிறு பங்கே. கடன் வாங்கிய வளைவு எதுவும் அப்படியே ஆகாது என்பதற்கு இதுவே சாட்சி.

நேரம் குறைவு. மன்னார் வளைகுடாவில் ஒரு சோதனைப் பைல் வேண்டும். பள்ளிக்கரணையிலுள்ள கடல்சார், காற்றாற்றல் ஆய்வு நிறுவனங்கள் முன்னெடுக்கலாம். புயல் அலையின் சுழற்சிச் சுமை, காலடி மண்ணரிப்பு இரண்டும் தனி ஆய்வுக்குரியவை. கடல் எண்ணெய்த் தளங்களுக்கான கட்டமைப்புகளைச் செய்யும் பட்டறை காட்டுப்பள்ளியிலேயே இருக்கிறது. மோனோபைலுக்கு மாற்றாக, ஜாக்கெட் எனப்படும் நான்குகால் சட்டகத்தை அங்கே செய்தால் அதன் மெல்லிய பைல்களுக்கு நண்பர்களின் பழைய வளைவு ஓரளவு உதவக்கூடும். அதையும் ஒருவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.