கணக்கு உதைக்கும்போது யாரை நம்புவது?



எவர் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அவர் ஒரு சிற்றூரின் கிளை அஞ்சலகத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வளர்ந்தவன் நான். மாலையில் தபால்தலை, மணியார்டர் பணம், சேமிப்புக் கணக்கு வரவு எல்லாவற்றையும் எண்ணித் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார். ஒரு நாள் நாற்பது பைசா உதைத்தது. சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பதிவுத் தபால் ஒன்றின் கட்டணத்தை இடம் மாற்றி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்த பிறகுதான் எழுந்தார். "கணக்கு உதைச்சா ஆளைத் தேடாதே தம்பி, எழுத்தைத் தேடு" என்று என்னிடம் சொன்னார். பின்னாளில் தணிக்கையாளனாக வேலை பார்த்த காலமெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் பிழைத்தேன்.

எழுத்தைத் தேடாமல் ஆளைத் தேடிய ஓர் அஞ்சல் நிறுவனத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இது பிரிட்டனில் நடந்தது. தொழில்நுட்பம், நிறுவன நடத்தை, அரசின் கொள்கை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப்பிடித்து எளிய மனிதர்களை எப்படி நசுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று என் அறிவில் இல்லை.

கடைக்கு வந்த கணினி

பிரிட்டனின் சப் போஸ்ட்மாஸ்டர் நம் ஊரில் அந்தப் பெயரில் இருப்பவரைப் போல அரசு ஊழியர் அல்லர். மளிகைக் கடையோ பத்திரிகைக் கடையோ சொந்தமாக நடத்திக்கொண்டு, அதன் ஒரு மூலையில் ஒப்பந்த அடிப்படையில் அஞ்சலகத்தையும் நடத்துபவர். பலர் ஆயுள் சேமிப்பைப் போட்டு அந்தக் கடையை வாங்கியவர்கள். ஊரில் மதிப்புள்ளவர்கள். இந்தியாவைப் பூர்வீகமாகக் கொண்டவர்களும் அவர்களில் கணிசமானோர்.

1999இல் இந்த அஞ்சலகங்களுக்கு ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை வரத் தொடங்கியது. அதை உருவாக்கியது ஐசிஎல் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். ஜப்பானின் ஃபுஜிட்சு அந்த நிறுவனத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அரசு உதவித்தொகைகளை அட்டை மூலம் வழங்கும் பெரிய திட்டம் ஒன்றின் பகுதியாகத்தான் ஹொரைசன் முதலில் வகுக்கப்பட்டது. அந்த அட்டைத் திட்டம் 1999இல் கைவிடப்பட்டது. மிஞ்சிய மென்பொருள் அஞ்சலகங்களின் தலையில் இறங்கியது.

இறங்கியதும் கணக்கு உதைக்கத் தொடங்கியது. ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற சிற்றூரில் கடை நடத்திய ஜோ ஹாமில்டன் ஒரு நாள் 2,000 பவுண்டு குறைவதைக் கண்டார். உதவி எண்ணுக்குத் தொலைபேசினார். அவர்கள் சொன்னபடி பொத்தான்களை அழுத்தினார். கண்முன்னே அது 4,000 ஆனது. அந்தப் பணத்தைக் கட்டவேண்டியவர் அவர்தான். பற்றாக்குறை எதுவானாலும் சப் போஸ்ட்மாஸ்டர் ஈடுகட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தைக் காட்டி நிறுவனம் வற்புறுத்தியது. திரையில் தெரியும் தொகையை ஏற்றுக்கொள்ளாமல் அடுத்த காலத்தின் கணக்கைத் தொடங்கவும் வழியில்லை. கடையைத் திறந்து வைக்க வேண்டுமென்றால் சரி என்று ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டால் அதுவே பொய்க்கணக்குக் குற்றமாகும்.

உதவி எண்ணை அழைத்த பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: வேறு யாருக்கும் இப்படி நடக்கவில்லை, உங்களுக்கு மட்டும்தான். இந்த ஊழலின் மிகக் கொடிய வாக்கியம் இதுவே என்பேன். ஆயிரம் பேர் ஒரே பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டுமே தடுக்கி விழுந்ததாக நினைத்துக் கூனிக் குறுகினார்கள். வீட்டை அடகு வைத்தார்கள், பெற்றோரிடம் கடன் வாங்கினார்கள், எடுக்காத பணத்தைக் கட்டினார்கள்.

குற்றம் சாட்டுபவரே விசாரிப்பவர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அஞ்சலக நிறுவனத்துக்கு ஒரு பழைய வசதி இருந்தது. தன் சொந்தப் புலனாய்வாளர்களை வைத்து விசாரிக்கலாம், காவல்துறையையோ அரசு வழக்குத் துறையையோ நாடாமல் தானே வழக்குத் தொடரலாம். பணம் போனதாகச் சொல்பவரும், விசாரிப்பவரும், குற்றம் சாட்டுபவரும் ஒருவரே. 1999 முதல் 2015 வரை ஹொரைசன் தரவுகளின் அடிப்படையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். அந்த வழக்குகளில் சுமார் 700 அஞ்சலகமே தொடுத்தவை. விசாரிக்கப்படுவோரை இன வாரியாக வகைப்படுத்த, இழிவான பழைய இனச் சொற்களைக் கொண்ட படிவம் ஒன்றை அதன் புலனாய்வாளர்கள் பயன்படுத்தியதும் 2023இல் வெளிவந்தது.

ஜோ ஹாமில்டன் மீது முதலில் திருட்டுக் குற்றச்சாட்டு. பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொண்டு, பணத்தையும் கட்டி, ஹொரைசனைக் குறைசொல்லாமல் இருந்தால் திருட்டை விட்டுவிடுவதாகப் பேரம் பேசப்பட்டது. சிறைக்கு அஞ்சி ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்து, அவருக்காக நீதிமன்றத்துக்கும் வந்து நின்றார்கள்.

பிரிட்லிங்டனில் கடை வைத்திருந்த லீ காசில்டன் ஒப்புக்கொள்ளவில்லை. சுமார் 25,000 பவுண்டு பற்றாக்குறைக்காக அவர்மீது தொடரப்பட்ட உரிமையியல் வழக்கில் 2007இல் தோற்றார். எதிர்த்தரப்புச் செலவாக 3,21,000 பவுண்டு அவர் தலையில் விழுந்தது. திவாலானார்.

வெஸ்ட் பைஃப்ளீட்டில் அஞ்சலகம் நடத்திய சீமா மிஸ்ரா, 74,000 பவுண்டைத் திருடியதாக 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவர் கர்ப்பிணி. அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். அந்த வழக்கு நடக்கும் முன்பே, பல கிளைகளின் வரவையும் செலவையும் பொருந்தாமல் காட்டிய ஒரு பிழையைப் பற்றி ஃபுஜிட்சுவும் அஞ்சலகமும் கலந்து பேசியிருந்தன. அது வெளியே தெரிந்தால் நடக்கும் வழக்குகள் பாதிக்கப்படும் என்ற கவலையும் அந்தப் பேச்சின் குறிப்பில் பதிவாகியிருந்தது. அந்தக் குறிப்பு சீமாவின் கைக்கு வரவில்லை.

நம்மில் எவரும் இந்த இடத்தில் சிலப்பதிகாரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. விசாரணையின்றிக் கோவலன் கொல்லப்பட்ட பின், அரசவையில் கண்ணகி சிலம்பை உடைத்தாள். உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்பது கண்முன் தெரிந்தது. உடைத்துக் காட்ட அவள் கையில் ஒரு சிலம்பு இருந்தது. சீமாவின் கையில் அதுவும் இல்லை. அவரைக் குற்றமற்றவர் என்று காட்டக்கூடிய பதிவுகள் முழுவதும் குற்றம் சாட்டியவர்களின் பெட்டகத்தில் இருந்தன.

சட்டம் செய்த மாற்றம்

நிறுவனத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் போய்விட முடியாது. 1984இல் இங்கிலாந்தில் வந்த காவல் மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, கணினி தந்த ஆவணத்தைக் குற்ற வழக்கில் சான்றாக்க வேண்டுமானால், அந்தக் கணினி சரியாக இயங்கிக்கொண்டிருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. இது வழக்குகளுக்குத் தேவையற்ற சுமை என்று சட்ட ஆணையம் 1997இல் கருதியது. 1999இன் சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. அதன் பிறகு, மாறான சான்று வராதவரை கணினி ஒழுங்காகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது.

ஆண்டைக் கவனியுங்கள். கிராமக் கடைகளுக்கு ஹொரைசன் வந்த ஆண்டும் 1999தான்.

மாறான சான்றைக் கொண்டுவர வேண்டியவர் யார்? மளிகைக் கடைக்காரர். அந்தச் சான்று எங்கே இருந்தது? ஃபுஜிட்சுவில். தெரிந்த பிழைகளுக்கென்றே அங்கே ஒரு பதிவேடு பராமரிக்கப்பட்டது. கடைக்காரருக்குத் தெரியாமல் தொலைவிலிருந்தே அவர் கணக்கில் கைவைக்கவும் ஃபுஜிட்சுவினரால் முடிந்தது. முடியாது என்று அஞ்சலகம் பல்லாண்டு சாதித்தது. ஃபுஜிட்சுவில் முன்பு வேலை பார்த்த ரிச்சர்ட் ரோல், முடியும் என்று 2015இல் பிபிசியில் வெளிப்படையாகச் சொன்னார்.

அஞ்சலக நிறுவனத்தின் ஒரே பங்குதாரர் பிரிட்டிஷ் அரசு. முறையிட்டவர்களிடம் அமைச்சர்கள் பல ஆண்டு சொன்ன பதில், அது நிறுவனத்தின் அன்றாட விவகாரம், நாங்கள் தலையிடுவதில்லை என்பதே. உரிமை இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்க வேண்டும். லாப நட்டத்துக்கு உரிமையாளராக இருந்துகொண்டு, அநியாயத்துக்கு மட்டும் மூன்றாம் மனிதராக ஓர் அரசு விலகி நிற்கலாகாது.

இருபது ஆண்டு நடை

வேல்ஸின் லாண்டட்னோ பகுதியில் அஞ்சலகம் நடத்திய ஆலன் பேட்ஸ் திரையின் தொகையை ஒப்புக்கொள்ள மறுத்தார். 2003இல் அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. 2009 மே மாதம் கம்ப்யூட்டர் வீக்லி இதழ் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டு பேட்ஸ், பாதிக்கப்பட்டோரை ஓர் அமைப்பாகத் திரட்டினார். உங்களுக்கு மட்டும்தான் என்ற பொய் அந்தக் கூட்டத்தில் உடைந்தது.

555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் ஹொரைசனில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தார். அஞ்சலகத்தின் மறுப்பை, உலகம் தட்டை என்று சாதிப்பதற்கு ஒப்பிட்டார். அந்த வழக்கில் அஞ்சலகம் தர ஒப்புக்கொண்ட சமரசத் தொகை 5.775 கோடி பவுண்டு. அதில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய், ஆளுக்குச் சராசரியாக 20,000 பவுண்டு அளவில்தான் மிஞ்சியது. 2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சீமா, ஜோ உட்பட 39 பேரின் தண்டனைகளை ரத்துசெய்தது. 2024 ஜனவரியில் இந்தக் கதை தொலைக்காட்சித் தொடராக வந்த பிறகுதான் நாடே கொதித்தது. அந்த ஆண்டு மே மாதத்திலேயே நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இந்த விவகாரம் பற்றிய பொது விசாரணைக்குத் தலைமை தாங்கிய சர் வின் வில்லியம்ஸ் 2025 ஜூலையில் தந்த முதல் தொகுதி அறிக்கை, ஹொரைசன் காரணமாகக் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது. இழப்பீடு 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. இழப்பீட்டில் பங்கேற்கத் தமக்குத் தார்மீகக் கடமை உண்டு என்று ஃபுஜிட்சுவின் ஐரோப்பியத் தலைவர் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டது 2024இல். கால் நூற்றாண்டு கழித்து!

நமக்கு என்ன?

ஒரு நாட்டின் தனித் துயரம் என்று இதை ஒதுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2019 வரை, ஆண்டு வருமானத்தைச் சராசரியாக வகுத்துப் பார்த்த ஒரு கணக்கு முறை, உதவித்தொகை பெற்ற ஏழைகளுக்கு இல்லாத கடனைக் கற்பித்தது. கடன் இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு அந்த ஏழையின்மேல் விழுந்தது. 2020இல் அந்த அரசு சுமார் 4,70,000 கடன்களைக் கைவிட்டு, வசூலித்ததைத் திருப்பித் தர முன்வந்தது. நெதர்லாந்தில் குழந்தை பராமரிப்பு உதவி பெற்ற பெற்றோரை மோசடிக்காரர்களாக்கிய விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. மூன்று நாடுகளிலும் நடந்தது ஒன்றுதான்: நிரூபிக்கும் சுமை, வலியவரின் தோளிலிருந்து எளியவரின் தோளுக்கு ஓசையின்றி மாற்றப்பட்டது.

கணினிச் சான்றைப் பொறுத்தவரை நம் சட்டம் வேறு வழியில் சென்றிருக்கிறது. 2000இல் நம் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 65பி பிரிவு, மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்டது. அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இலும் 2020இலும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவும் சான்றிதழைக் கேட்கிறது. இது நல்ல காவல். ஆனால் அந்தச் சான்றிதழ், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடும் இன்னொரு படிவமாகத் தேய்ந்துவிட்டால் காவல் இருந்தும் பயனில்லை.

தணிக்கையாளனாக நான் கேட்பவை மூன்று. குற்றம் சாட்டப்பட்டவர், தன்னைக் குற்றம் சாட்டும் பதிவை முழுமையாகப் பார்க்க வேண்டும். அந்தக் கணினியில் தெரியவந்த பிழைகளின் பட்டியல் அவர் கேட்காமலே அவர் கைக்கு வர வேண்டும். பணம் இழந்ததாகச் சொல்லும் நிறுவனத்திடம் விசாரிக்கும் அதிகாரத்தையும் தண்டிக்க வழக்காடும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

தொடக்கத்தில் நான் சொன்ன பெரியவரின் திண்ணைக் கணக்குப் புத்தகத்தை எவர் வேண்டுமானாலும் புரட்டலாம். அடித்தல் இருந்தால் அடித்தல் தெரியும், பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம் தெரியும். கணினி அந்தப் புத்தகத்தைவிட ஆயிரம் மடங்கு வேகமானது, வேண்டியதும்தான். அதன் பக்கங்களும் அதேபோலப் புரட்டக் கிடைக்க வேண்டும்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை அப்படிப்பட்ட மென்பொருளை எழுதுவீர்கள். சிலர் அரசு அலுவலகத்தில் அமர்வீர்கள். சிலர் உதவி எண்ணின் மறுமுனையில் இருப்பீர்கள். கணக்கு உதைக்கிறது என்று ஒருவர் நடுங்கும் குரலில் உங்களை அழைப்பார். அவரிடம் தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்: "ஐயா, உங்களுக்கு மட்டுமில்லை, வேறு சிலரும் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கே தவறு என்று பார்க்கிறோம்." 1999இல் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால், சீமா தன் மகனின் பிறந்தநாளன்று வீட்டில் இருந்திருப்பார்.