பி.எஸ்.ஆருக்கு நாம் செய்யும் மரியாதை

(தோழர் பி.எஸ்.ஆர். நினைவு தினத்தையொட்டி விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



வருஷா வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி நாம் கொடியேற்றுகிறோம். பி.எஸ்.ஆர். படத்துக்கு மாலை போடுகிறோம். நாலு பேர் பேசுகிறோம், கலைந்து போகிறோம். இந்த வருஷம் ஒரு புதிய யோசனை வந்திருக்கிறது. கடைத்தெரு முகப்பிலே அவர் பெயரால் ஓர் அலங்கார வளைவு கட்ட வேண்டும், அதற்கு வசூல் போட வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும் காரியம். நடவுக் கூலியிலும் மில் சம்பளத்திலும் பிடித்துக் கொடுக்கிற பணம். ஆகவே ஒரு செங்கல் வாங்கும் முன்னால், இந்த மனிதருக்கு எது மரியாதை என்று கொஞ்சம் யோசிப்போம்.

பி. சீனிவாசராவ் நம் ஜில்லாக்காரர் அல்ல. தமிழ்நாட்டுக்காரரே அல்ல. 1907-ல் கன்னட நாட்டிலே பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். காந்தி அழைத்தாரென்று படிப்பை விட்டு வந்து, சென்னையிலே அந்நியத் துணிக்கடை மறியலில் போலீஸ் தடியடி பட்டு, சிறைக்குப் போய், சிறையிலிருந்து கம்யூனிஸ்டாக வெளியே வந்தவர். கட்சி அவரை 1943-ல் தஞ்சைக்கு அனுப்பியது. அவர் பேசிய தமிழில் கன்னடம் கலந்திருக்கும். முதலில் சேரி ஜனங்கள் சிரித்திருக்கிறார்கள். பிறகு அந்தத் தமிழுக்காக ராத்திரி வெகு நேரம் வரை காத்திருந்திருக்கிறார்கள்.

அன்றைய தஞ்சை எப்படி இருந்தது? இங்கே வயதானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் தங்கள் அப்பன் முதுகைப் பார்த்தவர்கள். இளைஞர்களுக்காகச் சொல்கிறோம். பண்ணையாள் விடிவதற்கு முன்னே வயலில் இறங்க வேண்டும், இருட்டிய பிறகு கரையேற வேண்டும். தாமதமானால் சவுக்கடி. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுவார்கள். அதற்குச் சாணிப்பால் என்று பெயர் வைத்திருந்தார்கள். பாலென்று பெயர்! வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டக்கூடாது. மிராசுதாருக்கு முன்னால் துண்டு இடுப்புக்குப் போக வேண்டும். தகப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளை பண்ணையாள், அவன் பிள்ளையும் பண்ணையாள்.

இந்தச் சேரிக்குள்ளேதான் பி.எஸ்.ஆர். போனார். போய்ப் பிரசங்கம் செய்துவிட்டு அக்கிரகாரத்துக்குத் திரும்பவில்லை. சேரியிலே தூங்கினார், அங்கே கொடுத்த கூழைக் குடித்தார். தென்பரையிலே சங்கக் கொடி ஏறியது. அடிக்க வருகிறவனும் ஒரு தாய் வயிற்றிலே பிறந்தவன்தான், அடித்தால் வாங்கிக்கொண்டு நிற்காதே, திருப்பி அடி. ஆனால் தனியாக நின்று அல்ல, சங்கமாக நின்று என்று சொல்லிக் கொடுத்தார். 1944-ல் களப்பாளிலும் மன்னார்குடியிலும் மிராசுதார்கள் சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாணிப்பால் நின்றது. சவுக்கடி நின்றது. ஒரே வருஷத்தில், தோழர்களே! நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது ஒரே வருஷத்தில் நின்றது.

இதைத் தனி ஒரு மனிதர் செய்தார் என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் பி.எஸ்.ஆரே ஒப்பமாட்டார். களப்பாள் குப்பு என்ற விவசாயத் தொழிலாளி இல்லாவிட்டால் களப்பாள் ஒப்பந்தம் ஏது? அந்தக் குப்பு 1948-ல் திருச்சி சிறைக்குள்ளே உயிர் விட்டார். ஜாம்பவானோடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் 1950 மே மாதத்தில், இரண்டே நாள் இடைவெளியில், போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். சுதந்திரம் வந்து மூன்று வருஷம்கூட ஆகாத நாள் அது.

அந்த ரத்தத்துக்கு என்ன கிடைத்தது? 1952 தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் கம்யூனிஸ்டுகள் 62 இடம் பிடித்தார்கள். ராஜாஜி சர்க்கார் அதே வருஷம் ஆகஸ்டில் தஞ்சைக்கென்று தனியாக ஓர் அவசரச் சட்டம் போட்டது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் நூற்றுக்கு நாற்பது. பண்ணையாளைக் காரணமில்லாமல் விரட்டக்கூடாது. ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலி நிலத்துக்கு மேல் வைத்திருப்பவரைத்தான் அந்தச் சட்டம் தொட்டது. ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மிராசுதார்கள் சும்மா இருப்பார்களா? நிலத்தைப் பெயர் மாற்றிப் பிரித்தார்கள். பண்ணையாள் என்ற பெயரே வேண்டாமென்று தினக்கூலியாக்கினார்கள். ஆகையால் அந்தச் சட்டத்தை வானளாவப் புகழ நாம் தயாரில்லை. ஆனாலும், எந்தக் கோட்டையும் நம்மைக் கண்டு சட்டம் போடும் என்பதை அன்றுதான் சேரி பார்த்தது.

1961-ல் நில உச்சவரம்பு வந்தது. குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று மசோதா. கோயிலுக்கு விலக்கு, மடத்துக்கு விலக்கு, கரும்புப் பண்ணைக்கு விலக்கு. விலக்குகளைக் கழித்தால் மிச்சம் என்ன? அந்த மசோதாவைத் திருத்தச் சொல்லி செப்டம்பர் மாதம் மாநிலம் முழுதும் மறியல். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த பி.எஸ்.ஆர். போராட்டத்தின் நடுவிலேயே செப்டம்பர் 30-ந் தேதி இறந்தார். வயது 54. அவருக்கென்று ஒரு குழி நிலம் இருந்ததில்லை. 30 ஏக்கர் உச்சவரம்பு 1970-ல் 15 ஆகக் குறைந்தபோது அவர் இல்லை. 1971-ல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்போருக்கே சொந்தமாக்கிச் சட்டம் வந்தபோதும் இல்லை. உங்களில் பலர் படுத்துறங்குகிற மனைக்கு இன்று பட்டா இருக்கிறதென்றால், அந்தத் தாளிலே அவர் பெயர் இல்லைதான். ஆனால் அவர் கால் புழுதி இருக்கிறது.

மேலே இருப்பவர்கள் கொடுக்கிற மரியாதை ஒன்று உண்டு. அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 2021-ல் தமிழ்நாடு சர்க்கார் தகைசால் தமிழர் என்று விருது ஏற்படுத்தி, முதல் விருதைத் தோழர் சங்கரய்யாவுக்குக் கொடுத்தது. பத்து லட்சம் ரூபாய். அந்தப் பத்து லட்சத்தை அவர் அப்படியே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க விரும்பியது. கவர்னர் ஒப்புதல் தரவில்லை. 2023 நவம்பர் 15-ந் தேதி, 102-வது வயதில், பட்டமில்லாமலே போய்ச் சேர்ந்தார். 1941-ல் பி.ஏ. பரீட்சைக்குச் சில நாட்களே இருக்கும்போது வெள்ளைக்காரன் பிடித்துச் சிறையில் போட்டதால் அந்தப் பட்டமும் அவருக்கு இல்லை. இரண்டு பட்டமும் இல்லாத அந்த மனிதரின் கடைசி ஊர்வலத்தில் வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இங்கே மில் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வயல்காட்டுக் கதையாகவே போகிறதே என்று நினைக்கலாம். உங்களுக்கும் ஒரு தேதி இருக்கிறது. 1946 ஜனவரி 8. கோவைச் சிறையிலே சின்னியம்பாளையம் தோழர்கள் ராமய்யன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நாலு மில் தொழிலாளர்களைத் தூக்கில் போட்டார்கள். நால்வரையும் ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள். உங்கள் ஸ்பின்னிங்கிலும் கோன் வைண்டிங்கிலும் வேலை பார்க்கிற இளம் தோழர்களிடம் போன மாதம் அந்த நாலு பெயரைக் கேட்டோம். இரண்டு பெயர் வந்தது. மூன்றாவது பெயருக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. சொல்லிக் கொடுக்காதது யார்?

இப்போது நம் குறையையே சொல்லிவிடுகிறோம். இதைச் சொல்லத்தான் இன்று மேடையேறினோம்.

நம் வட்டாரத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் குடும்பத்தார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். 1961 மறியலில் பதினெட்டு வயதுப் பையனாகச் சிறைக்குப் போனவர். பி.எஸ்.ஆர். பேச்சை நேரில் கேட்டவர். என்ன பேசினாரென்று கேட்டால், பாதி புரியவில்லை, ஆனால் எழுந்து நிற்கத் தோன்றியது என்பார். கூலிப் போராட்டம், மனைப்பட்டா, ரேஷன் கார்டு என்று ஐம்பது வருஷம் முன்னால் நின்றவர். கடைசி நாலு வருஷம் கண் பார்வை போய் மகள் வீட்டுத் திண்ணையில் கிடந்தார். பேத்தியை விட்டு நமது பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரு வருஷம் சந்தா முடிந்தது. வசூலிக்கப் போக வேண்டிய நாம் போகவில்லை. பத்திரிகை நின்றுவிட்டது. நின்றது ஸ்தாபனத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் இறந்தார். உடனே எல்லாரும் ஓடினோம். செங்கொடி போர்த்தினோம். பெரிய மலர் வளையம் வைத்தோம். ஐந்து பேர் இரங்கல் பேசினோம், அதில் நமது பேச்சுத்தான் நீளம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்த மகள் நம்மைத் தனியாகக் கூப்பிட்டு, கோபமில்லாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அண்ணே, அப்பாவுக்குப் பேப்பர் வர்றது ஏன் நின்னு போச்சு? ஏதாவது தப்பு பண்ணிட்டாரோன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

தோழர்களே, தம்மைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டே அந்தக் கிழவர் செத்தார். அன்று வைத்த மலர் வளையத்தின் விலை அவருடைய மூன்று வருஷச் சந்தாவைவிட அதிகம். இந்தக் கணக்கைக் கமிட்டியிலே வைத்தோம். சுயவிமர்சனம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். எழுதினால் தீர்ந்துவிடுமா?

இன்னொன்றும் பாருங்கள். இந்த மேடையிலே ஐந்து படம் வைத்திருக்கிறோம். ஐந்தும் ஆண்கள். தாய்மார்கள் முன்வரிசையில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மணலூர் மணியம்மை என்று ஒருவர் இதே தஞ்சையில் இருந்தார். பிராமண விதவை. தலைமயிரைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, பண்ணையாட்களுக்காக மிராசுதார்களை எதிர்த்து நின்றவர். அவரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் நாவல் எழுதியிருக்கிறார். நாம் ஒரு படம் மாட்டவில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் கொளுத்தப்பட்ட 44 பேரில் மிகுதியானவர்கள் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் அவர்களுக்குக் கிடைத்த தண்டனை அது. அடுத்த வருஷமே கீழத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வெண்மணியிலே 44 பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தலைவர் பெயர் மட்டும் அல்ல, கைக்குழந்தை உட்பட எல்லார் பெயரும். நினைவுச் சின்னம் என்றால் அது நினைவுச் சின்னம்.

ஆகவே நம்முடைய யோசனையைச் சொல்கிறோம். நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம், கமிட்டி இன்னும் முடிவு செய்யவில்லை. அலங்கார வளைவு வேண்டாம். பி.எஸ்.ஆர். நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது, போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு வேன் பிடித்துப் போவோம். வசூல் நடக்கட்டும். அந்தப் பணத்தில் முதலாவதாக, அறுபத்தைந்து வயது தாண்டிய பழைய தோழர்கள், ஆண் பெண் எல்லாருக்கும், உயிரோடு இருக்கும் வரை பத்திரிகை. சந்தா கேட்டு யாரும் போகக்கூடாது. கண் தெரியாதவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாலிபத் தோழர் போய் வாசித்துக் காட்ட வேண்டும். அப்படியே அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வர வேண்டும்: எந்த வருஷம், எந்த வயல், எத்தனை மரக்கால் கூலி, எந்தச் சிறை. மாதம் ஒரு தடவை பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அவர்களைக் கூட்டிப்போக ஆட்டோ. முதியோர் பென்ஷன் நின்று போனவர்களுக்குத் தாலுகா ஆபீசுக்கு நாம் நடக்க வேண்டும், அவர்கள் அல்ல.

வளைவு கட்டினால் ஊரார் கண்ணுக்குத் தெரியும், இதெல்லாம் தெரியாதே என்று ஒரு தோழர் சொன்னார். உண்மை. தெரியாது. திண்ணையில் கிடக்கிறவருக்குத் தெரியும்.

மேடைக்குப் பக்கத்து மேஜையிலே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இன்னும் ஒரு பெயரும் எழுதவில்லை. மைக் தோழர் விளக்கை அணைக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் லைனில், பழைய ஆட்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று வந்து சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். வீட்டு அடையாளமும் சொல்லுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டுக்கு நாமே போகிறோம்.