மலை ஏறுவோரும் மலையில் வாழ்வோரும்

கற்பிட்டியில் தோட்டத் தொழிலாளர், தென்னந்தோட்டத் தொழிலாளர், மீனவர் குடும்பங்களின் இளைஞர்கள் கூடிய தொண்டர் முகாமில் ஆற்றிய உரை.



கடலும் மணலும் தென்னையுமாக இருக்கும் இந்தக் கற்பிட்டியில் மலையேறும் கழகங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இங்கே மலை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நம் இரு பகுதிகளுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. டொல்பின் பார்க்கவும் காற்றாடிப் பலகையில் சறுக்கவும் உங்கள் கரைக்கு ஆட்கள் வருகிறார்கள். எங்கள் பக்கம் கண்டியில் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பீக்கோ ட்ரெயில்' நடைபாதையில் நடக்க வருகிறார்கள். அதில் பெரும் பகுதி தேயிலை ஏற்றவும் வேலைக்குப் போகவும் நம் முன்னோர் நடந்து தேய்த்த தோட்டத்துப் பாதைகள். பிறருக்குப் பொழுதுபோக்காக இருக்கும் இடத்தில்தான் நாம் பிழைப்பு நடத்துகிறோம். அங்கே ஆபத்து வந்தால் முதலில் ஓடுகிறவர்களும் நாம்தான்.

மலையேறும் கழகம் என்றால் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். நல்ல கழகங்கள் செய்யும் வேலை பெரியது. கயிறு கட்டப் பழக்குகிறார்கள். வரைபடம் பார்க்கவும், காயப்பட்டவரைத் தூக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். பிரித்தானியாவில் மலையில் சிக்கியவர்களை மீட்கும் குழுக்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

நம் மொழி பேசும் ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2008இல் சென்னையில், அங்கே வேலை செய்த பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் ஒருவரின் முயற்சியில் சென்னை ட்ரெக்கிங் கிளப் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் மலை ஏறியதோடு நிற்கவில்லை. சென்னைக் கடற்கரையில் குப்பை பொறுக்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நிவாரண வேலையில் இறங்கினார்கள். மலை ஏறப் பழகிய கூட்டம் கடற்கரையைக் கூட்டியது என்பதைக் கற்பிட்டித் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் இந்த மேற்குக் கரையில் ஒதுங்கியபோது, அப்படிப்பட்ட கைகள் எவ்வளவு தேவைப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கிளப்பின் பெயரோடு ஒரு பெரிய துயரமும் சேர்ந்திருக்கிறது. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம், குரங்கணி. பெண்களே பெரும்பாலாக இருந்த ஒரு சென்னைக் குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தன. காய்ந்த புல்லில் காட்டுத்தீ பிடித்தது. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. அந்தப் பாதைக்கு அனுமதி பெறவில்லை என்று அரசு சொன்னது. வழக்கும் விசாரணையும் நடந்தன.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஹெலிகொப்டரும் அதிகாரிகளும் வருவதற்கு முன்பே தீக்குள் போனவர்கள் அந்த மலையின் ஊர்மக்களும் தோட்டத்து ஆட்களும்தான். கிடைத்த துணியையும் கம்பையும் கொண்டு தூளி கட்டி, எரிந்த உடல்களைச் சுமந்து இறக்கினார்கள். எந்தப் பக்கம் சரிவு, எந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதை என்று அவர்களுக்குத் தெரியும். எந்தக் கழகத்தின் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. பயிற்சியும் இல்லை, காப்புறுதியும் இல்லை.

அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 ஒக்டோபரில் 40 பாதைகளைத் திறந்தபோது, மலைவாழ் இளைஞர்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாகச் சேர்த்தது. மலையை அறிந்தவனை முன்னால் நிறுத்த வேண்டும் என்ற பாடம் 23 உயிர்களுக்குப் பிறகுதான் வந்தது.

உலகத்தின் உச்சியிலும் இதே கதைதான். 2016 மே 21இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால. பெண்களின் உரிமைக்காக உழைக்கும் அவரை நினைத்து நாமும் பெருமைப்படுகிறோம். அங்கே ஏறுகிற எவருக்கும் கயிறு கட்டுவதும், ஏணி வைப்பதும், சுமை தூக்குவதும் நேபாளத்து மலைத் தொழிலாளர்கள். 2014 ஏப்ரல் 18 காலையில் கும்பு பனியாற்றில் பனி சரிந்து அவர்களில் 16 பேர் இறந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் தருகிறோம் என்றது அரசு. ஈமச்சடங்குச் செலவுக்குத்தான் அது காணும். தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அந்தப் பக்கத்தில் அந்த ஆண்டின் ஏற்றம் ஏறக்குறைய முழுவதுமாக நின்றது. காப்புறுதித் தொகையை உயர்த்த வேண்டிய நிலைக்கு அரசு வந்தது. தோழர்களே, எவரெஸ்டிலும் வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது.

இனி நம் மலைக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுக்கப்படவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் பிழைத்தார்கள். வீட்டிலிருந்த பெற்றோர் போய்விட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையில் மண் சரிந்தது. உங்கள் புத்தளம் மாவட்டத்தில் வெள்ளம் ஏறியது. பாதைகள் அறுந்த மலைப்பகுதிகளில் முதல் மணித்தியாலங்களில் மண்ணைத் தோண்டியது யார்? பக்கத்து லயத்துக்காரர்கள். மண்வெட்டியும் வெறுங்கையும்தான் இருந்தன.

ஆகவே நாங்கள் முன்வைப்பது இதுதான். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஒரு மலைத் தொண்டர் குழு வேண்டும். உச்சியில் கொடி நடுவதற்காக அல்ல, அயலவரை உயிரோடு இறக்குவதற்காக.

முதல் வேலை மழையை அளப்பது. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து, நின்ற நீரை அளவுகோலால் அளந்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்ரிமீற்றர், வந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 வந்தால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 வந்தாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 வந்தாலோ வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் இவை.

இரண்டாவது, நிலத்தைப் பார்ப்பது. சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் தண்ணீர், ஓடிக்கொண்டிருந்த பீலி வற்றிப்போவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழையளவுக்குக் காத்திராமல் ஆட்களை வெளியேற்ற வேண்டும். 117க்கு அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது, பட்டியல். எந்த லயத்தில் நடக்க முடியாத முதியவர், எந்த அறையில் கர்ப்பிணித் தாய், யார் யாரைத் தூக்குவது என்பது மழைக்கு முன்பே எழுதி வைக்கப்பட வேண்டும்.

நான்காவது, கயிறு. இங்கேதான் எங்களுக்குக் கற்பிட்டி தேவை. கரைவலை இழுக்கும் உங்கள் கைகளுக்கு, பாரம் ஏறினாலும் நழுவாத முடிச்சும், வேண்டியபோது உடனே அவிழும் முடிச்சும் தெரியும். நாளைக் காலை மீனவத் தோழர்கள் அதை எங்களுக்குப் பழக்கித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். நாங்கள் மழையளக்கும் முறையையும் பட்டியல் எழுதும் முறையையும் உங்களுக்குத் தருகிறோம். வெள்ளத்துக்கும் அது உதவும்.

மலையேறும் கழகங்களையும் அழைப்போம். எங்கள் மலையில் குப்பை பொறுக்க வரும்போது ஒரு நாள் கூடுதலாக நின்று கயிறும் முதலுதவியும் கற்றுத் தாருங்கள் என்று கேட்போம். உங்கள் பயணத்துக்கு வழிகாட்டியாக எங்கள் பிள்ளைகளை எடுங்கள், உரிய கூலியும் காப்புறுதியும் கொடுங்கள் என்றும் கேட்போம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொண்டு என்ற பெயரில் நிர்வாகத்தின் கடமையும் அரசின் கடமையும் நம் தோளுக்கு மாறக் கூடாது. பயிற்சி நாளுக்குப் பேர் போட வேண்டும். மீட்பு வேலையில் காயப்பட்டால் நட்டஈடு வேண்டும். கயிறு, தூக்குப் படுக்கை, விளக்கு, தலைக்கவசம் ஆகியவற்றைத் தோட்டம் வாங்கித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தான சரிவில் இருக்கும் லயங்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான காணியும் வீடும் வேண்டும். எவ்வளவு நல்ல முடிச்சும் ஒரு வீட்டுக்கு ஈடாகாது. இந்தக் கோரிக்கைகளை அடுத்த பேச்சுவார்த்தையில் நம் சங்கம் முன்வைக்க வேண்டும்.

அதுவரை மழை காத்திருக்காது. ஊர் திரும்பிய முதல் வாரத்தில் ஒவ்வொரு பிரிவிலும் பத்துப் பேரைச் சேர்ப்போம். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். பகலில் சரிவில் நிற்பவர்கள் அவர்கள்தான். மழையளவுப் பலகையைப் பிரட்டுக் களத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுவோம்.

நாளைக் காலை ஆறு மணிக்குக் கரையில் சந்திப்போம்.